அவலாஞ்சியில் டிரவுட்

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் தூண்டிலோடு வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "டிரவுட் மீன் எங்கே நிற்கும்?" அணையின் நடுவைப் பார்க்காதீர்கள், ஓடை வந்து விழும் இடத்தைப் பாருங்கள் என்பேன்.

குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு நிறையக் கரைந்திருக்கும். டிரவுட்டுக்கு அது வேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் இரையில் நாட்டம் குறைந்துவிடும். அதனால் சித்திரை வெயிலில் ஆழத்துக்கோ ஓடைவாய்க்கோ போய்விடும். விடிகாலையில் மட்டும் கரையோரம் தலைகாட்டும். ஆடியில் கேட்கவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது! பால் விட்ட டீ மாதிரி வரும் தண்ணீரில் மீனுக்கு இரையே தெரியாது.

இது நம் மலையின் மீன் அல்ல. 1863-இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு நிபுணர் வில்சன் முயன்று, 1907-இல் அவலாஞ்சியில் மீன்முட்டையைப் பொரிக்கவைக்கும் பொரிப்பகம் வந்தது. இன்னும் அது ஏன் வேண்டும்? டிரவுட் ஓடும் நீரில், கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏறி இறங்கும் அணையின் சேற்றில் அது நடக்காது.

குளிர்காலத்தில்தான் பொரிப்பகத்தில் அந்த வேலை. நனைத்த கையால் தாய்மீனின் வயிற்றை மெல்ல நீவினால், ஆரஞ்சு நிற முட்டைகள் ஈரமில்லாத பேசினில் சொரியும். ஆண்மீனின் பாலை, அதாவது விந்தை, அதில் விட்டு, இறகால் கலக்குவார்கள். 10 டிகிரித் தண்ணீரில் பொரிய ஏறக்குறைய ஒரு மாதம். வெளுத்துப்போன முட்டையை அன்றன்றே பொறுக்கி எறிய வேண்டும்; விட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும்.

குஞ்சு கிடைக்கிறதே என்று எல்லா ஓடையிலும் விடுவது எனக்குச் சம்மதமில்லை. பூச்சி, தலைப்பிரட்டை என்று அகப்பட்டதையெல்லாம் தின்னும் மீன் இது. சோலைத் தவளைகள் வாழும் ஓடைகளை விட்டுவிடலாம், அணைகள் போதும்.

அப்புறம், அனுமதி இல்லாமல் இங்கே தூண்டில் போடக் கூடாது. அனுமதியோடு பிடித்தாலும், சின்ன மீனைத் திருப்பி விடும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு உரிந்துவிடும். நீந்திப் போன மீன் சில நாளில் பூஞ்சை பிடித்து மிதக்கும்.

நன்றி, வணக்கம்.