ஐந்து கிலோமீட்டர் வயர்லெஸ் இணைப்பு: ரேடியோ வாங்குவதற்கு முன்பு வழியைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. ஐந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கட்டடங்களை கம்பியில்லாமல் இணைக்க வேண்டும், அதற்குத் தரவை அனுப்பிப் பெறும் எந்த ரேடியோ கருவியை வாங்கலாம் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்பு நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

பைனாகுலரில் எதிர்முனை தெரிகிறது, ஆகவே வழி திறந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. ரேடியோ அலை நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் செல்வதில்லை. இரு முனைகளிலும் ஒடுங்கி, நடுவில் வெள்ளரிக்காய்போலப் பருத்த ஒரு வெளி அதற்குத் தேவைப்படுகிறது. இதைத்தான் ஃப்ரெனெல் மண்டலம் என்கிறோம். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் இந்த மண்டலத்தின் ஆரம் சுமார் 8 மீட்டர்; 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் 12.5 மீட்டர். அந்த ஆரத்தில் குறைந்தது 60 சதவீதமாவது எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். அதாவது 5.8 கிகாஹெர்ட்ஸில், நேர்கோட்டுக்குக் கீழே சுமார் 5 மீட்டர் ஆழத்துக்கு ஒரு மரக்கிளைகூட எட்டிப் பார்க்கக் கூடாது.

நான் அமைத்த தொடக்ககால இணைப்புகளில் ஒன்று, கோடை முழுவதும் குறையின்றி ஓடியது. மழை தொடங்கி, நடுவழியில் நின்ற மரங்கள் தழைத்ததும், சிக்னல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் அறுந்துவிட்டது. நான் ரேடியோவைச் சந்தேகித்து இரண்டு வாரங்களை வீணாக்கினேன். பழுது ரேடியோவில் இல்லை, ஈரமான இலைகளில் இருந்தது. ஆன்டெனாவை 4 மீட்டர் உயர்த்திய அன்றே இணைப்பு மீண்டது. அதனால் மரத்தின் இன்றைய உயரத்தோடு, அது வளரப்போகும் உயரத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் வளைவு 5 கிலோமீட்டரில் அரை மீட்டரைக்கூட எட்டாது என்பதால் அதை விட்டுவிடலாம். ஆனால் 20 கிலோமீட்டர் என்றால் நடுவில் சுமார் 6 மீட்டர் எழும்பிவிடும்.

வழி தெளிவான பிறகு ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் வெறும் வெளியைக் கடக்கும்போதே சிக்னல் சுமார் 122 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) இழக்கிறது. ரேடியோ 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆற்றல் அளவு) கொடுக்கிறது, இரு முனைகளிலும் 25 டிபிஐ (ஆன்டெனா சிக்னலை ஒரே திசையில் குவிக்கும் அளவு) ஆன்டெனாக்கள் இருக்கின்றன, கேபிளிலும் கனெக்டரிலும் முனைக்கு 1 டெசிபல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், எதிர்முனைக்கு வந்து சேர்வது மைனஸ் 54 டிபிஎம் (இந்த எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலமானது). நமக்கு வேண்டிய வேகத்துக்கு மைனஸ் 74 போதும் என்று அந்த ரேடியோவின் விவரத்தாள் சொன்னால், நம் கையில் 20 டெசிபல் மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம்தான் கெட்ட நாட்களில் இணைப்பைக் காப்பாற்றும். 10 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நான் அந்த வேலையைத் தொடங்கவே மாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரேடியோவும் ஆன்டெனாவும் சேர்ந்து வெளியிடும் மொத்த ஆற்றலுக்கு ஒவ்வொரு நாடும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நான் போட்ட இந்தக் கணக்கு உங்கள் நாட்டு வரம்பைத் தாண்டினால், ரேடியோவின் ஆற்றலைத்தான் குறைக்க வேண்டும், ஆன்டெனாவை அல்ல. ஆற்றலைக் கூட்டுவது உரக்கப் பேசுவதற்கு மட்டுமே உதவும். பெரிய ஆன்டெனாவோ தொலைவில் இருந்து வரும் மெல்லிய குரலையும் கூர்ந்து கேட்கும்.

இப்போது இந்தக் கனெக்டரைப் பாருங்கள்; கேமராவுக்கு அருகில் கொண்டு வருகிறேன். உள்ளே நடு ஊசியைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது அல்லவா? மேலே இருந்து கேபிள் வழியாக வழிந்து வந்த மழைநீர் செய்த வேலை இது. கேபிள் ரேடியோ இருக்கும் பெட்டிக்குள் நுழைவதற்கு முன்பு, ஒரு சாண் அளவுக்குக் கீழே தொங்கி மறுபடி மேலேறும்படி வளைத்துவிட்டால், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போய்விடும். அதற்கு மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றுங்கள். அப்போதுதான் மடிப்புகள் கூரை ஓடுபோல அமைந்து நீரை வெளியே தள்ளும். வெயிலைத் தாங்கும் வெளிப்புற கேபிளையே வாங்குங்கள். ஆன்டெனாவைத் தாங்கும் கம்பமான மாஸ்ட்டுக்கு எர்த் கொடுப்பதிலும், கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் மின்னலால் பாயும் அதிக மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வைப்பதிலும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள்.

மாஸ்ட் ஆடாமல் நிற்பதும் அதே அளவு முக்கியம். ஆன்டெனா ஒரே ஒரு டிகிரி திரும்பினால், 5 கிலோமீட்டருக்கு அப்பால் அது அனுப்பும் அலைக் கற்றையின் மையம் 87 மீட்டர் நகர்ந்துவிடும். டிஷ் (கிண்ண வடிவ ஆன்டெனா) பெரிதாக ஆகக் கற்றை குறுகிவிடுவதால் இந்தப் பிழை இன்னும் அதிகமாக வலிக்கும்.

திசை சரிசெய்யும்போது, தாளில் எழுதிய அந்த மைனஸ் 54 உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். டிஷ்ஷின் முதன்மைக் கற்றைக்கு இருபுறமும் பலவீனமான பக்கக் கற்றைகள் உண்டு; மெல்லத் திருப்பும்போது மைனஸ் 72 வரை ஏறி, பிறகு இறங்கினால், உச்சத்தைப் பிடித்துவிட்டோம் என்றே மனம் நம்பும். கணக்குக்கும் கண்ணில் தெரியும் எண்ணுக்கும் இடையில் 18 டெசிபல் வித்தியாசம் இருந்தால், நீங்கள் பெரும்பாலும் பக்கக் கற்றையில்தான் நிற்கிறீர்கள். நட்டை இறுக்காமல் இருபுறமும் இன்னும் அகலமாகத் திருப்பித் தேடுங்கள். பிறகு மேலும் கீழுமாக அதையே செய்துவிட்டு, எதிர்முனைக்குப் போய் அங்கேயும் செய்யுங்கள். ரேடியோவின் அமைப்பில் தூரத்தை 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறிப்பிட மறக்க வேண்டாம். இல்லையென்றால் எதிர்முனையின் பதில் வந்து சேருவதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்து, சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் படுத்துவிடும்.

நட்டை இறுக்கிய பிறகு எண்ணை மறுபடி பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே டிஷ் சற்று நகர்வது வழக்கம். கடைசியாகக் கிடைத்த அளவைத் தேதியோடு பெயின்ட் மார்க்கரால் பெட்டியின் உள்மூடியில் எழுதிவிடுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு திரும்பி வந்து மூடியைத் திறக்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் அங்கேயே இருக்கும்.