மரங்களுக்கு ஒரு பெரட்டு

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பந்திங்கிலிருந்து பேச வந்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தெருவோர மரங்களையும் திடலில் இருக்கும் மரங்களையும் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மரங்களுக்குப் பெரட்டு எடுக்கிறோம்.

பெரட்டு என்றதும் பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் வாசிப்பார். வந்தவர் யார், வராதவர் யார் என்று கணக்கு எடுத்த பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போக முடியும். என் அப்பாவும் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

அந்தப் பழக்கம் மரங்களிடம் வந்த கதை இது.

2021 ஜனவரியில், ஐந்து ஆண்டுகளில் 10 கோடி மரங்கள் நடுவது என்று அரசாங்கம் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு எங்கள் திடலிலும் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் பொதுவேலை, வைத்தோம். குழி வெட்டி, உரம் போட்டு, மகிழம், புன்னை, நாவல் என்று கன்றுகள் வைத்தோம். மகிழத்தை இங்கே புங்கா தஞ்சோங் என்பார்கள். பெயர்தான் வேறு, கோயிலில் சரம் கட்டுகிற அதே பூ, அதே வாசம். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைப் பிடித்துக்கொண்டு, இது என்னுடையது என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான்கு மாதத்தில் பாதிக் கன்றுகள் போய்விட்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றினோம். ஊற்றியும் காய்ந்தன. எங்களுக்குப் பிடிபடாத ஒன்று என்னவென்றால், கன்று கொஞ்சம் கொஞ்சமாக வாடவில்லை. வாரக்கணக்கில் பச்சையாக நின்று, பிறகு ஒரேயடியாகக் கருகியது.

அந்த நேரத்தில்தான் எதிர்வரிசை வீட்டுப் பெரியம்மா திடலுக்கு வந்தார். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். காய்ந்த கன்றுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பச்சையாக நின்ற ஒரு கன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடியிலிருந்த புல்லை இரண்டு கையாலும் விலக்கினார். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் பட்டை சுற்றிலும் பிய்ந்து, உள்ளே வெள்ளையாகக் கட்டை தெரிந்தது. கட்டைவிரல் நகத்தால் காயத்துக்கு மேலே லேசாகச் சுரண்டினார். பச்சை. காயத்துக்குக் கீழே சுரண்டினார். பழுப்பு.

“தம்பி, இது தண்ணி இல்லாம போகல. புல்லு வெட்டுற மெஷினு அடிச்சிருக்கு. சுத்தி வர பட்டை போயிருச்சு. இந்த மரமும் நிக்காது” என்றார்.

அடுத்த மாதம் அந்தக் கன்றும் போனது.

காரணம் இதுதான். வேர் எடுக்கும் தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இலை தயாரிக்கும் சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. பட்டையைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும், இலையும் பச்சையாகத்தான் இருக்கும். வேர் மட்டும் பட்டினி கிடக்கும். சேர்த்து வைத்தது தீர்ந்ததும் வேர் சாகும், அப்புறம் மரம் போகும். இந்தப் பாடத்தைப் பல வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். திடலில் அதை அடையாளம் கண்டது அந்தப் பெரியம்மாவின் நகம்.

பால் வெட்டியவருக்கு இது தெரியாமல் இருக்குமா? ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள், கட்டையை ஒட்டியே இருக்கின்றன. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. ஆழமாக வெட்டி உளி கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அதுவும் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில். 1877இல் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது, போனால் பார்க்கலாம். அதற்குப் பிறகு இந்த நாட்டில் வளர்ந்த பால்காடுகளில் எத்தனையோ மரங்களின் பட்டையைத் தொட்டுத் தொட்டுப் படித்தவை நம் அம்மாக்களின் கைகள்.

இயற்கை ஆர்வலர் என்றால் கழுத்தில் பைனாகுலரும் கையில் ஆங்கிலப் புத்தகமும் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மலாயா இயற்கைக் கழகம் 1940இல் தொடங்கியது. இன்று மலேசிய இயற்கைக் கழகம் என்ற பெயரில் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய சங்கமாக இருக்கிறது. நல்ல சங்கம், நானும் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனாலும் நம் தோட்டத்துப் பெரியவர்கள் அந்தப் பக்கம் போவது அபூர்வம். உங்களுக்குத் தெரிந்திருப்பதும் ஓர் அறிவுதான் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, அப்புறம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, காய்ந்த இலையையும் வெட்டிய புல்லையும் பரப்பினோம். பாமாயில் எடுக்கும் செம்பனைக் காட்டில் பழம் எடுத்த வெற்றுக் குலையை மரத்தடியில் போடுவார்களே, அதே யோசனைதான். மண் ஈரமாக இருக்கும், புல் முளைக்காது. புல் இல்லாத இடத்துக்கு மெஷின் வர வேண்டியதில்லை. தண்டை ஒட்டி மட்டும் இலையைக் குவிக்கக்கூடாது, பட்டை அழுகிவிடும். புல் வெட்ட வரும் தொழிலாளர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசினோம். கன்று எங்கே இருக்கிறது என்று புல்லுக்குள் அவர்களுக்குத் தெரியவே இல்லை. கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினோம். அத்தோடு தீர்ந்தது.

பிறகுதான் பெரட்டு வந்தது. மரத்துக்கு மரம் நம்பர் போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். பெரியம்மாதான் வாசிக்கிறார். நம்பரைக் கூப்பிட்டதும் அந்த மரத்துக்குப் பொறுப்பான பிள்ளை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு “இருக்கு” என்று குரல் கொடுக்க வேண்டும். இலையில் பூச்சி, கிளை முறிவு, பறவைக்கூடு, எது கண்ணில் பட்டாலும் எழுதுவோம். பிள்ளைகள் அதையே படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுகிறார்கள். படத்தைப் போட்டால் எங்கோ இருக்கும் யாராவது ஒருவர் அது என்ன பூச்சி, என்ன பறவை என்று சொல்லி உதவுகிறார். இடமும் தேதியும் பதிவாகிவிடுகின்றன.

ஒருநாள் மாலை தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கூகை உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் படம் எடுக்க, பக்கத்து வீட்டுக்காரர் கெட்ட சகுனம், விரட்டுங்கள் என்றார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அண்ணன்தான் குறுக்கே வந்தார். எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்திலேயே அதற்குப் பெட்டி கட்டி வைப்பார்கள், அது இருக்கிற இடத்தில் எலி மருந்து குறைவு என்று எடுத்துச் சொன்னார். விரட்டச் சொன்னவர் மறுநாள் தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

வளர்ந்த மரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். தீபகற்ப மலேசியாவில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்து, சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், ஊராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அந்த மரத்தை வெட்டக்கூடாது என்று அது சொல்கிறது. பட்டுப்போன மரம், ஆபத்தாக நிற்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 80 சென்டிமீட்டர் பெரிய அளவு கிடையாது, ஒரு சின்னப் பிள்ளை இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கும் அளவுதான். எங்கள் நோட்டில் ஒவ்வொரு பெரிய மரத்தின் சுற்றளவும் தேதியோடு இருக்கிறது. மரத்தைப் பற்றிப் பேசப் போகும்போது கையில் கணக்கு இருந்தால் பேச்சுக்கு வலு வருகிறது.

இந்தக் கணக்கு, இந்தக் குரல், எவ்வளவு தூரம் போகும் என்பதை எங்கள் மாவட்டத்திலேயே பார்த்தோம். பந்திங் பக்கம் இருக்கும் கோலலங்காட் வடக்கு வனம் ஒரு சதுப்புநிலக் காடு. தெமுவான் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஒட்டி வாழ்கிறார்கள். 2020இல் அதை மேம்பாட்டுக்காக வனப் பட்டியலிலிருந்து நீக்கும் திட்டம் வெளியானது. ஆயிரக்கணக்கான மக்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார்கள். அப்படியும் 2021 ஆகஸ்டில், நீக்கம் நடந்துவிட்டது என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றி, திரும்ப வனமாக்குவதாக அறிவித்தது. அந்தச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இழந்த காட்டைத் திரும்ப வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களைக் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். ஈயம் தோண்டியும் காய்கறி போட்டும் மொட்டையாகிப்போன நிலம் அது. 1920களிலிருந்து அங்கே நட்டு நட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்தார்கள். இன்று அண்ணாந்து பார்த்தால் கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஆறு ஓடுவதுபோல வானம் தெரியும். 2025இல் அது உலகப் பாரம்பரியத் தலமாகியிருக்கிறது. மனிதன் கையால் வளர்த்த காடு.

எங்கள் திடலுக்கு அந்த அளவு ஆசையெல்லாம் இல்லை. இப்போது தேவைப்படுவது, வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடிய இன்னும் சில பெரியவர்கள். உங்கள் வீட்டில் பால் வெட்டிய பாட்டியோ குலை வெட்டிய தாத்தாவோ இருந்தால், ஒருநாள் மரத்தடிக்கு அழைத்துப்போங்கள். அவர்கள் பேச, பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

போன வாரப் பெரட்டில் பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. மகிழமரம் அது. பெரியம்மா மறுபடி கூப்பிட்டார். அந்தப் பெண்பிள்ளை மரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓடி வந்து கையை விரித்தாள். நான்கு பூ. பெரியம்மா அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, நோட்டை என்னிடம் நீட்டி, “எழுது தம்பி, பதினேழு பூத்திருக்கு” என்றார்.

வணக்கம்.