எப்படி இறந்தார் என்றும் எழுதுங்கள்

[காட்சி: ஜோஹன்னஸ்பர்க், பிராம்ஃபான்டீன் கல்லறைத் தோட்டம்]

தில்லையாடி வள்ளியம்மையைத் தெரியாத தமிழர் குறைவு. சாமி நாகப்பன் என்றால் பலர் முழிப்பார்கள். இருவருமே தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை போனவர்கள். இருவருக்குமே நினைவுக்கல் இங்கேதான் இருக்கிறது.

1909 ஜூனில் நாகப்பனுக்குப் பத்து நாள் கடுங்காவல். வயது 18. ஜூன் என்றால் இந்த ஊரில் நல்ல குளிர்காலம். விடிகாலையில் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில் ரோடு போடும் வேலை வாங்கினார்கள். ஜூன் 30-இல் வெளியே வந்தபோது இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஜூலை 6-இல் இறந்துவிட்டார்.

வள்ளியம்மை 1913 போராட்டத்தில் கைதானவர். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார்.

"காய்ச்சலில் இறந்தார்" என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் எங்கே வந்தது, யார் பொறுப்பு? அதை விட்டுவிட்டு மாலை போட்டால் சிறைக்காரர்கள் தப்பித்துவிடுவார்கள்.

அதே சத்தியாகிரகத்தில் நாராயணசாமி என்று இன்னொருவர். 1910-இல் இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். கப்பலேறித் திரும்பி வந்தவரைத் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்க விடவில்லை. அக்டோபரில் டெலகோவா பேயில், இன்றைய மபூட்டோவில், உயிர் போனது. 1913 நவம்பரில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புத் தோட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்த வேலைநிறுத்தக்காரர்கள் வேறு. நம் விழா மேடைகளில் இவர்கள் பேச்சே எழுவதில்லை. காந்தி மனமுருகி எழுதியதால் வள்ளியம்மை நிலைத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

[காட்சி: டர்பன், கடற்கரையோரச் சாலை]

சரி, நிறவெறிக் காலத்துக்கு வருவோம். 1977 ஆகஸ்ட். டர்பனில் ஹூசேன் ஹாஃபெஜீ என்ற 26 வயதுப் பல் டாக்டரைப் பாதுகாப்புப் போலீஸ் பிடித்தது. மறுநாளே பிரைட்டன் பீச் போலீஸ் ஸ்டேஷன் அறையில் பிணமாகக் கிடந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது போலீஸ். உடம்பில் ஏறக்குறைய 60 காயங்கள். அத்தனையையும் பார்த்துவிட்டு, 1978 மரண விசாரணையில் தற்கொலை என்றே முடித்தார்கள்.

குடும்பம் விடவில்லை. இந்த நாட்டில் பழைய மரண விசாரணையை மறுபடி திறக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. நீதி அமைச்சர் கேட்டுக்கொண்டால் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சாட்சிகளைப் புதிதாக விசாரிப்பார். நிறவெறி அரசை எதிர்த்த அகமது தைமோல் வழக்கில் 2017-இல் அப்படித்தான் நடந்தது. 1971-இல் ஜான் வோர்ஸ்டர் சதுக்கம் என்ற ஜோஹன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து தானாகக் குதித்தார் என்ற பழைய கதை உடைந்து, கொலை என்று பதிவானது. ஹாஃபெஜீக்கு 2023-இல் விடிந்தது. தற்கொலை இல்லை என்றது பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம். 46 வருஷம்!

என்னைக் கேட்டால், எந்தச் சிலையையும்விட அந்தத் தீர்ப்புதான் பெரிய நினைவுச் சின்னம். ஒரே குறை, அதற்குள் பொறுப்பானவர்கள் பலர் செத்துப் போகிறார்கள். நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் சுமார் 300 வழக்குகளை அரசு வழக்கறிஞர் துறையிடம் ஒப்படைத்தது. பெரும்பாலானவை கிடப்பில் போயின. அந்தத் துறையின் கையை யாராவது கட்டிப் போட்டார்களா என்று பார்க்க 2025-இல் தனியாக ஒரு விசாரணை ஆணையமே போட வேண்டியதாயிற்று.

[காட்சி: சாட்ஸ்வொர்த், லென்னி நாயுடு டிரைவ்]

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இந்தச் சாலை வழியே தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு லென்னி நாயுடு யாரென்று தெரியும்? நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய இதே ஊர் இளைஞர். 1988-இல் ஸ்வாசிலாந்து எல்லையருகே பீட் ரெட்டீஃபில் போலீஸ் மறைந்திருந்து சுட்டுக் கொன்றது. பலகையின் அடியில் இரண்டு வரி சேர்த்தால் என்ன செலவாகிவிடும்?

[காட்சி: கேட்டோ மேனர்]

அப்புறம், இது 1994-ஓடு முடிந்துபோன கதையும் இல்லை. 2012 ஆகஸ்ட் 16-இல் மரிக்கானாவில் கூலி உயர்வு கேட்ட 34 சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது ஜனநாயக அரசின் போலீஸ். முன்பு நம்மவர் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த டர்பனின் கேட்டோ மேனரில், எகெனானா குடியிருப்பில், அபாஷ்லாலி என்ற குடிசைவாழ் மக்கள் இயக்கத்தினர் மூவர் 2022-ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்: அயாண்டா ங்கிலா, நோகுதுலா மபாசோ, லிண்டோகுஷ்லே ம்ங்குனி. நிலத்துக்கும் வீட்டுக்கும் போராடியவர்கள். ஏப்ரல் 27-ஐ நாடு சுதந்திர நாளாகக் கொண்டாடும்போது இந்த இயக்கம் அதைச் 'சுதந்திரமில்லா நாள்' என்று அனுசரிக்கிறது. நம் தமிழ்ச் சங்கங்கள் வள்ளியம்மை நினைவு நாளான அடுத்த பிப்ரவரி 22-க்கு அழைப்பிதழ் அடிக்கும்போது அவர்களுக்கும் ஒன்று அனுப்பலாம்.