டேன் 90-ஐச் சுற்றி ஒரு நடை

வணக்கம். மைக்கில் சத்தம் ஏறாமல் இருக்க ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வியர்த்து வழிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

கையில் இருப்பது சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர். டிகிரி மோடில்தான் இருக்கிறது. டேன் 90 அடிக்கிறேன். எரர். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது 90-ஐத் தொடாமல் 89 அடிக்கிறேன்: 57.29. அடுத்து 89.9: 572.96. 89.99 போட்டால் 5729.58. ஏறிக்கொண்டே போகிறது. சரி, 90-இல் முடிவிலிதான் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 90-ஐத் தாண்டிப் போய் 90.01 அடிக்கிறேன். திரையைப் பாருங்கள், மைனஸ் 5729.58! நகர்ந்தது 0.02 டிகிரிதான், அதற்குள் மலை உச்சியிலிருந்து கிணற்றுக்குள் வந்துவிட்டோம்.

ஏன் இப்படி? டேன் என்பது சைன் பை காஸ். 90-க்குப் பக்கத்தில் சைன் கிட்டத்தட்ட 1, அதனால் அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. சேட்டை எல்லாம் பகுதியில் இருக்கும் காஸில்தான். 90-க்கு முன்னால் அது சின்ன மிகை எண், தாண்டினால் சின்னக் குறை எண். சின்ன எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகும். பெரிய பிளஸா பெரிய மைனஸா என்பதைப் பகுதியின் குறிதான் சொல்லும். ஒரு எண்ணை நெருங்க நெருங்க விடை எங்கே போகிறது என்பதுதான் எல்லை, அதாவது லிமிட். இடப்பக்க எல்லை, வலப்பக்க எல்லை என்று தனித்தனியாகக் கேட்பது இதற்காகத்தான். சரியாக 90-இல் என்ன நடக்கிறது என்று எல்லை கேட்பதே இல்லை, பக்கத்தில் போகும்போது என்ன ஆகிறது என்று மட்டும்தான் கேட்கிறது.

பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி என்று நிறைய பேர் எழுதுகிறீர்கள். தப்பாக நினைக்க மாட்டேன். 12-ஆம் நூற்றாண்டில் கணித மேதை பாஸ்கரரே அப்படி வகுத்து வருவதை முடிவற்ற அளவு என்றுதான் சொன்னார். துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறார், மார்க் மட்டும் கிடைக்காது.

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது சறுக்கியது வேறு இடத்தில். 1 பை (எக்ஸ் பிளஸ் 2). எக்ஸ் மைனஸ் 2-ஐ இடப்பக்கமிருந்து நெருங்குகிறது. இடப்பக்கம் என்றால் குறைவான எண், 2-ஐ விட 1.9 குறைவுதானே என்று நினைத்து மைனஸ் 1.9 போட்டேன். விடை பிளஸ் 10 வந்தது, பிளஸ் முடிவிலி என்று எழுதி மார்க்கை விட்டேன். மைனஸ் 1.9 இருப்பது மைனஸ் 2-க்கு வலப்பக்கம்! கடனாக நினைத்துப் பாருங்கள். இரண்டு ரூபாய் கடனுக்கு இடப்பக்கம் போனால் கடன் ஏறும், இரண்டு ரூபாய் பத்து காசு ஆகும். அதாவது மைனஸ் 2.1. இப்போது பகுதி மைனஸ் 0.1, விடை மைனஸ் 10. மைனஸ் 2.01 போட்டால் மைனஸ் 100. இந்த ஒரு இடத்தில் மட்டும் எண்கோடு வரையாமல் பேனாவை நகர்த்தாதீர்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? இதோ, பூதக்கண்ணாடி. இதன் குவியத் தூரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிம்பம் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க, பொருளின் தூரத்தை 10-ஆல் பெருக்கி, பொருளின் தூரத்தில் 10-ஐக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். குறி மரபு புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், நான் எளிதான வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். பொருள் 11-இல் இருந்தால் பிம்பம் 110 சென்டிமீட்டரில். 10.1-க்கு 1010, பத்து மீட்டர் தள்ளி, என் வீட்டுச் சுவரையே தாண்டிவிட்டது. 9.9-க்கு வந்தால் மைனஸ் 990. மைனஸ் என்றால் பிம்பம் லென்ஸுக்கு அந்தப் பக்கம் விழாமல், பொருள் இருக்கும் பக்கமே, நேராகப் பெரிதாகத் தெரிகிறது என்று அர்த்தம். செய்தித்தாள் மேல் வைத்து, கண்ணைத் தள்ளி வைத்துக்கொண்டு லென்ஸை மெதுவாகத் தூக்குகிறேன். எழுத்து பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது, கலங்குகிறது... இப்போது தலைகீழ். எந்த இடத்தில் கலங்கும் என்பது கண் இருக்கும் தூரத்தையும் பொறுத்தது, அதனால் ஸ்கேல் வைத்து அளந்து என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

எல்லாச் சார்பும் இப்படிக் குட்டிக்கரணம் போடாது. 1 பை எக்ஸ் ஸ்கொயர் இரண்டு பக்கமும் மேலேதான் ஏறும், வர்க்கம் மைனஸை விழுங்கிவிடும். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4-ஐ எக்ஸ் மைனஸ் 2-ஆல் வகுத்தால் எதுவும் வெடிக்காது. 1.99-க்கு 3.99, 2.01-க்கு 4.01. எல்லை 4. பகுதி 0-வை நெருங்குகிறது என்று பதறுவதற்கு முன் தொகுதியையும் பாருங்கள், அதுவும் 0-வை நெருங்கினால் கதை வேறு.

கடைசியாக ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரில் தசம எண்களைக் கையாள 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தில் பூஜ்ஜியமே இரண்டு: பிளஸ் 0, மைனஸ் 0. ப்ரவுசரில் கட்டளை அடித்துப் பார்க்கும் கன்சோலைத் திறந்து 1/0 அடியுங்கள், முடிவிலி வரும். 1/-0 அடியுங்கள், மைனஸ் முடிவிலி வரும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை பூஜ்ஜியத்தின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். அடித்துப் பாருங்கள், அதற்குள் நான் ஃபேனைப் போட்டுவிடுகிறேன்.