நூறு குச்சிகளில் ஒன்று

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சீனர்களின் குறி பார்க்கும் மரபு இன்றைய மனிதனுக்குத் துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "அது பயத்தை விற்கும் வணிகம்" என்றார். அவரைச் சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவுக்கு அழைக்கிறேன். சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம்முக்கு 1884இல் எழுந்த கோயில் அங்கே இருக்கிறது. படித்தவர், பணக்காரர், கூலி வேலை செய்பவர் எல்லோரும் அங்கே மண்டியிட்டு, 100 குச்சிகள் கொண்ட குவளையைக் குலுக்குகிறார்கள். குலுக்குமுன் மனத்துக்குள் ஒரு கேள்வியைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலையை விடலாமா? அம்மாவுக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா? ஆயிரம் கவலைகளைச் சுமந்து வந்தவர், அந்த ஒரு நிமிடத்தில் தம் உண்மையான கவலை எது என்று கண்டுகொள்கிறார். இதற்கு விலை உண்டா, நடுவர் அவர்களே?

ஒரு குச்சி விழுகிறது. உடனே அதை ஏற்பதில்லை. பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை எறிகிறார்கள். ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் விழுந்தால்தான் அந்தக் குச்சி செல்லும்; அதன் எண்ணுக்குரிய சீட்டில் இருக்கும் வாசகமே பதில். இல்லையென்றால் மறுபடியும் குலுக்க வேண்டும். பயத்தை விற்பவன் முதல் குச்சியையே தலையில் கட்டி அனுப்பியிருப்பான்!

கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சுன்சி என்ற சீன அறிஞர் எழுதிவைத்தார்: வேண்டாவிட்டாலும் மழை பெய்யத்தான் செய்யும், பெரிய முடிவுகளுக்கு முன் குறி பார்ப்பது கேட்டதைப் பெறுவதற்காக அன்று, அந்த முடிவுக்கு ஒரு சீர்மை சேர்ப்பதற்காக. எதிரணியினர் மூடநம்பிக்கை என்று பேசுகிறார்களே, அந்த மரபு தன்னைத்தானே எவ்வளவு கூர்மையாக விசாரித்திருக்கிறது பாருங்கள். தோஷம் கழிக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பறிப்பவர்களை நானும் வெறுக்கிறேன். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை.

அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. குவான் இம்மை வணங்கிய சீனர்கள் பலர் அங்கும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி நினைவுக்கு வருகிறார். தாத்தாவுக்கு அறுவை சிகிச்சை என்றதும் வீடே நடுங்கியது. பாட்டி சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. மறுநாள் விடியுமுன்னே தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்.