காப்பா ஏன் ஓடியது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'அமானுஷ்ய மர்ம மாங்காவுக்கு உயிர் தருவது புராணமா, புதிரா?' என்பது இன்றைய தலைப்பு. மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. புராணமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். பேய் வந்துவிட்டால் எதுவும் நடக்கலாம், எதுவும் நடக்கலாம் என்றால் அங்கே துப்பறிய என்ன இருக்கிறது என்பது ஒன்று. புராணம் மேல்பூச்சுதான், சுரண்டி எடுத்தாலும் புதிர் நிற்கும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மாங்காவில் உரசிப் பார்ப்போம். 'கியோகோ சுய்ரி'. புனைவால் துப்பறிதல் என்று பொருள் கொள்ளலாம். ஷிரோதைரா கியோ 2011இல் நாவலாக எழுதினார். 2015 முதல் கதாசே சாஷிபாவின் ஓவியத்தில் மாங்காவாக வருகிறது. முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை. இன்னும் வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சகுராகாவா குரோ என்ற இளைஞன். காதலியோடு நடந்து போகும்போது இருவரும் ஒரு காப்பாவை எதிர்கொள்கிறார்கள். காப்பா என்பது ஜப்பானிய ஆறுகளில் இருப்பதாகச் சொல்லப்படும் உயிர். உச்சந்தலையில் நீர் தேங்கிய குழி, முதுகில் ஆமை ஓடு. குதிரையையும் குழந்தையையும் நீருக்குள் இழுத்துப்போகும் என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. அப்படிப்பட்ட காப்பா குரோவைக் கண்டதும் நடுங்கி ஓடுகிறது. அவன் கையில் ஆயுதம் இல்லை, வாயில் மந்திரம் இல்லை. பிறகு ஏன் ஓடியது? கதை நம் கையில் கொடுக்கும் முதல் துப்பு இதுதான்.

விடை அவன் வயிற்றில் இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது அவன் குடும்பத்தார் அவனுக்கு இரண்டு இறைச்சிகளை ஊட்டியிருக்கிறார்கள். ஒன்று நிங்க்யோ, அதாவது மீன்மனிதர். மற்றொன்று குதான்.

நிங்க்யோவின் இறைச்சியைத் தின்றவருக்குச் சாவில்லை. இதை மாங்கா கண்டுபிடிக்கவில்லை. ஃபுக்குயி மாவட்டத்து ஒபாமா நகரில் கூயின்ஜி என்ற கோயில் இருக்கிறது. அங்கே ஒரு குகையைக் காட்டி, யாவோ பிகுனி கடைசியாக நுழைந்த இடம் இதுதான் என்பார்கள். அப்பா விருந்திலிருந்து கொண்டுவந்த இறைச்சியை என்னவென்று தெரியாமல் தின்றுவிட்டு, இளமை மாறாமல் 800 ஆண்டு வாழ்ந்து, உற்றார் ஒவ்வொருவரையும் பறிகொடுத்துத் துறவியான பெண் அவள்.

குதான் அதற்கு நேர் எதிர். மாட்டுக்குப் பிறக்கும், மனித முகம் இருக்கும். பிறந்த சில நாளில் விளைச்சலையோ பஞ்சத்தையோ கொள்ளைநோயையோ முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செத்துப்போகும். சொன்னது பொய்க்காது. பெயரை எழுதும் ஜப்பானிய எழுத்தைப் பாருங்கள்: இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மாடு, இரண்டும் ஒட்டியிருக்கும். 1836இல், தெம்போ பஞ்சக் காலத்தில், தாங்கோ பகுதி மலையொன்றில் குதான் தோன்றியதாகத் தெருவில் விற்ற அச்சுத்தாள் இன்றும் இருக்கிறது. அதன் படத்தை வீட்டில் ஒட்டினால் கேடு அணுகாது என்றும் அதில் போட்டிருந்தார்கள்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், நடுவர் அவர்களே. எதிர்காலத்தைத் தொட்டால் சாவு என்பது குதானின் விதி. சாவே கிடையாது என்பது நிங்க்யோவின் விதி. இரண்டும் ஒரே உடம்பில் இறங்கினால், செத்து எதிர்காலத்தைப் பற்றிக்கொண்டு மீண்டும் எழக்கூடிய ஒருவன் பிறக்கிறான். இரண்டு நாட்டுப்புறக் கதைகளும் பூட்டும் சாவியும்போலப் பொருந்துகின்றன. யோக்காய்களின், அதாவது ஜப்பானியப் பேய்பூதங்களின், கண்ணுக்கு குரோ மனிதனாகவே தெரிவதில்லை. தங்களில் இருவரைத் தின்று செரித்த ஒன்றாகத்தான் தெரிகிறான். காப்பா ஓடாமல் என்ன செய்யும்?

'எதுவும் நடக்கலாம்' என்றாரே நண்பர், இங்கே எது நடந்துவிட்டது? குரோவால் நினைத்ததையெல்லாம் நிகழ்த்த முடியாது. சாகும் நொடியில், ஏற்கெனவே நடக்க வாய்ப்புள்ளவற்றுள் ஒன்றைத்தான் அவனால் பிடிக்க முடியும். வாய்ப்பே இல்லாததைத் தொட முடியாது. முதலில் வேறொருவர் அந்த வாய்ப்பை உண்டாக்கித் தர வேண்டும். அந்த வேலைதான் நாயகி இவானாகா கோத்தோகோவின் துப்பறிதல்.

கதையின் முதல் பெரிய வழக்கு 'எஃகுப் பெண் நனாசே'. எஃகு உத்திரம் விழுந்து இறந்த நனாசே கரின் என்ற இளம் நட்சத்திரத்தின் ஆவி, கையில் உத்திரத்தோடு இரவில் அலைகிறது. உண்மையில் அது அவளுடைய ஆவியே அல்ல. ஓர் இணையதளத்தில் படம் போட்டு, வதந்தி வளர்த்து, ஊராரின் நம்பிக்கையால் உருவாக்கப்பட்ட உரு. உருவாக்கியவள் ரிக்கா. குரோவின் உறவுக்காரி, அதே இரண்டு இறைச்சிகளையும் தின்றவள். நம்பிக்கையைத் தின்று வாழும் உருவை அடித்துக் கொல்ல முடியாது, நம்பிக்கையைத்தான் வற்றவைக்க வேண்டும். அதனால் கோத்தோகோ அதே தளத்தில், ஆவியே இல்லை என்று காட்டும் 4 பொய் விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறாள். அதே நேரம் தெருவில் குரோ அந்த உருவோடு மோதிச் சாகிறான், எழுகிறான், மறுபடி சாகிறான். ஒவ்வொரு சாவிலும், அந்தத் தளத்து வாசகர் மனம் அவள் பக்கம் சாயும் எதிர்காலத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான். மறுபக்கம் ரிக்காவும் அதையே செய்கிறாள். ஒரு விளக்கம் எடுபடாவிட்டால் அடுத்தது உடனே வந்தாக வேண்டும்.

எதிரணியின் இரண்டாவது வாதத்தை இங்கே சோதித்துவிடலாம். நிங்க்யோவை எடுத்துவிடுங்கள்: முதல் அடியிலேயே நாயகன் இல்லை. குதானை எடுத்துவிடுங்கள்: கோத்தோகோவின் பேச்சுக்கும் குரோவின் சண்டைக்கும் தொடர்பு அறுந்து இரண்டு தனிக் கதைகளாகிவிடும். நம்பிக்கையால் பிறக்கும் பேயை எடுத்துவிடுங்கள்: உண்மை தெரிந்த ஒருத்தி ஏன் பொய் சொல்ல வேண்டும் என்பதற்கே காரணம் போய்விடும். சுரண்டினால் போவது பூச்சா, சுவரா?

வதந்தியால் பிறக்கும் பேயும் ஆசிரியரின் வசதிக்கு வந்ததல்ல. வாய் கிழிந்த பெண்ணான குச்சிசாகே ஒன்னா பற்றிய பேச்சு 1978 கடைசியில் கிஃபு பகுதியில் கிளம்பி 1979இல் ஜப்பான் முழுக்கப் பரவியது. பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பும் நிலை பள்ளிகளுக்கு வந்தது. அந்தப் பேச்சோடு தப்பும் வழியும் சேர்ந்தே பரவியதுதான் எனக்கு முக்கியம்: 'பொமேட்' (தலைமுடிக்குப் பூசும் பசை) என்று சொன்னால் விலகிப்போவாள், கற்கண்டு மிட்டாய் கொடுத்தால் நின்றுவிடுவாள். நேற்றுப் பிறந்த பேய்கூடத் தன் விதியோடுதான் பிறக்கிறது.

துப்பறியும் கதையில் அமானுஷ்யம் கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று சொல்கிறது; அதையும் நண்பர் நினைவூட்டினார். ஏற்கிறேன். ஆனால் வாசகரை ஏமாற்றாத தூய புதிர்க்கதையை ஜப்பானில் 'ஹோன்காகு' என்பார்கள். அந்த எழுத்தாளர்களின் சங்கம் தரும் ஹோன்காகு மிஸ்டரி விருதை 2012இல் பெற்றது எது தெரியுமா? குதானும் நிங்க்யோவும் நிறைந்த இதே 'கியோகோ சுய்ரி' நாவல்தான். நாக்ஸ் தடுக்க நினைத்தது, வாசகருக்குத் தெரியாத சக்தியைக் கடைசிப் பக்கத்தில் இறக்கும் மோசடியை என்றே நான் கொள்கிறேன். குதானின் கதையோ 1836இலேயே தெருவில் விற்றது. இதைவிட நேர்மையாக எந்தத் துப்பை முன்கூட்டிக் கொடுக்க முடியும்?

கோத்தோகோவையே பாருங்கள். 11 வயதில் யோக்காய்கள் அவளைத் தூக்கிச் சென்று, தங்கள் அறிவுத் தெய்வமாக இருக்கக் கேட்டன. விலை, வலக்கண்ணும் இடக்காலும். 712இல் தொகுத்த 'கோஜிகி' என்ற ஜப்பானியப் புராண நூலில் குவேபிகோ என்ற சோளக்கொல்லைப் பொம்மைத் தெய்வம் வரும். அதற்கு நடக்கத் தெரியாது, ஆனால் வானின் கீழ் உள்ள எல்லாம் தெரியும். கால் இழந்த அறிவு என்ற பழைய உரு அது. கோத்தோகோவின் கைத்தடி பக்கத்துக்குப் பக்கம் தட்டும்போது அது எனக்கு அலங்கார ஓசையாகக் கேட்கவில்லை.

ஒரு மாங்காவை வைத்து மட்டும் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2017 முதல் 2021 வரை 139 அத்தியாயங்களாக வந்த தனாக்கா யசுக்கியின் 'சம்மர் டைம் ரெண்டரிங்'கிலும் இதே கட்டுமானம்தான். ஜப்பானியப் புராணத்தில், தூணைச் சுற்றி வரும் திருமணச் சடங்கில் பெண் தெய்வமான இசனாமி முதலில் பேசிவிட்டதால் உருப்பெறாமல் பிறந்து, நாணல் படகில் கடலில் விடப்பட்ட பிள்ளை ஹிருகோ. தனக்கென்று உருவில்லாத அதன் பெயரைத் தாங்கியது ஒரு தீவில் ஒதுங்கினால் என்ன செய்யும்? பிறர் உருவை எடுக்கும். அங்கே மனிதரை நகலெடுப்பவை நிழல்கள். தரையில் படியும் நிழலைத் தாக்கினால்தான் அவை சாகும்.

தோற்கும் மாங்காக்களையும் சொல்லிவிடுகிறேன். யோக்காயின் பெயரையும் கொம்பையும் எடுத்துக்கொண்டு, அது கொடுக்க வேண்டிய விலையை மட்டும் விட்டுவிடுவார்கள். முன்னறிவிக்கும், ஆனால் சாகாது. சாவில்லை, ஆனால் தனிமையும் இல்லை. பத்தாவது அத்தியாயத்தில் சக்தி கூடும், இருபதாவதில் இன்னும் கூடும், முப்பதாவதில் எந்த முடிவும் நமக்குப் பொருட்டாக இருக்காது. எதிரணி நண்பர் குறைகூறிய கதைகள் இவைதான். அங்கே புராணம் கூடியதால் புதிர் கெடவில்லை, குறைந்ததால் கெட்டது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு அந்தக் காப்பா ஓடியதற்கு, குதானையும் நிங்க்யோவையும் தொடாமல் ஒரு காரணம் சொல்லட்டும். காத்திருக்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.