ஓய்வைச் சேமித்து வைக்க முடியாது

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் மண்டபம் ஒன்றில், ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அன்னதானத்துக்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். பசியோடு இருப்பவர்களிடம் நீட்டி முழக்குவது தகாது என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடன் தவணை, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், என்2 நெடுஞ்சாலையின் நெரிசல், எப்போது திரும்பி வருமோ என்று அஞ்ச வைத்த மின்வெட்டு என்று நம்மை நெருக்குபவை பல. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒழிப்பது நம் கையில் இல்லை. அவற்றைத் தாங்குகிற உடலுக்கு வேளை தவறாமல் ஓய்வு கொடுப்பது மட்டும் ஓரளவு நம் கையில் இருக்கிறது. களைத்து விழுந்த பிறகு எடுக்கும் ஓய்வைவிட, களைப்பதற்கு முன்பே சிறிது சிறிதாக எடுக்கும் ஓய்வே பயன் தரும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நெருக்கடி வரும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் இயக்குநீர்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. ஆபத்திலிருந்து தப்பி ஓட இது உதவும், ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் மேலாளரின் குறுஞ்செய்தியும் வங்கியின் அறிவிப்பும் நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தால், திரும்புவதற்கு உடலுக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. எந்த வகைத் தாக்குதலுக்கும் உடல் ஒரே பாங்கில் எதிர்வினை காட்டுவதையும், தாக்குதல் நீடித்தால் இறுதியில் சோர்ந்துபோவதையும் ஹான்ஸ் செல்யே என்னும் ஆய்வாளர் 1936ஆம் ஆண்டிலேயே எலிகளிடம் கண்டு எழுதினார். சர்க்கரை நோயும் இதய நோயும் இந்நாட்டு இந்தியர்களிடையே எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. அத்தகைய நமக்கு, ஓயாத நெருக்கடி இரட்டைச் சுமை.

ஆரோக்கியமான ஒருவருக்கு இரவில் உறங்கும்போது இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிடப் 10 முதல் 20 சதவீதம் வரை தாழும். இதயத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் அன்றாடம் கிடைக்கும் விடுமுறை அதுதான். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் தேவை என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வரை உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதயக் குருதிக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம்.

இதைச் சொன்னால், "எங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை உழைக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உழைத்தார்தான், ஆனால் அவரை யாரும் விருப்பம் கேட்டு உழைக்க வைக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல், ஒப்பந்தம் என்ற பெயரில் இங்கு வந்தவர்களுக்கு ஓய்வு முதலாளி அளந்து கொடுக்கும் பொருளாகவே இருந்தது. இதே ஒப்பந்த முறை இருந்த மொரீசியஸில், ஒரு நாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் கொடுமையும் நடந்தது. டர்பனை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் திருவிழா இன்றும் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடப்பதற்கு, அந்த நாட்களில்தான் தோட்டத்திலிருந்து விடுப்புக் கிடைத்தது என்பதையே பெரியவர்கள் காரணமாகச் சொல்வார்கள். உட்கார்ந்தால் குற்றம் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போனதற்கு அந்தக் காலமே காரணம் என்று நான் நினைக்கிறேன். சோம்பலைக் கடியும் நம் நீதிநூல்களை இதற்குத் துணைக்கு அழைப்பதும் பொருந்தாது. அவை கடிவது வேலை செய்யாதவரை, வேலை செய்து களைத்தவரை அல்ல.

இன்றைய சட்டம் வேறு. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிலைமைகள் சட்டத்தின்படி, வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர உணவு இடைவேளை உண்டு. உடன்பாட்டின் பேரில் மட்டும் அதை அரை மணியாகக் குறைக்கலாம். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவில் 12 மணி நேரமும், வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 36 மணி நேரமும் ஓய்வு. ஆண்டுக்குத் தொடர்ச்சியான 21 நாட்கள் ஊதியத்தோடு கூடிய விடுப்பு. நாள், வாரம், ஆண்டு என்று மூன்று அளவிலும் ஓய்வைப் பிரித்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கும் மூத்த மேலாளர்களுக்கும் இந்த நேர வரம்புகள் பொருந்தா. எனவே அத்தகையவர்கள் தங்கள் வரம்பைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்வதோ வேறு. மதிய இடைவேளையில் கணினிக்கு முன்னாலேயே சாப்பிடுகிறோம். இரட்டைச் சம்பளம் கிடைக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமையை விற்றுவிடுகிறோம். தேவை இருப்பவர் அவ்வாறு செய்வதை நான் குறை கூற மாட்டேன், ஆனால் அது மாதம் முழுவதும் வழக்கமாகிவிடக் கூடாது. விடுப்பை எல்லாம் தொழிற்சாலைகள் மூடும் டிசம்பருக்கென்று ஒதுக்கி வைப்பது, வாரம் முழுவதும் பட்டினி கிடந்துவிட்டு ஞாயிறு விருந்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதற்கு ஒப்பானது.

சட்டத்தின் கடிகாரம் சமையலறைக்குள் வருவதில்லை. வேலைக்குப் போய்வந்த பெண், வீட்டில் அடுத்த வேலையைத் தொடங்குகிறாள்; புரட்டாசி விரதம் வந்தால் தனிப் பாத்திரம், தனிச் சமையல் என்று அது இன்னும் கூடுகிறது. வீட்டில் உள்ள ஆண்களே, உங்கள் மனைவிக்கும் தாய்க்கும் ஓய்வெடுக்கச் சொல்லி அறிவுரை கூறுவதால் பயனில்லை. பாத்திரம் கழுவி, குழந்தையை உறங்க வைத்தால், அந்த நேரம் தானாகவே அவர்களுக்குக் கிடைத்துவிடும். கோயில் நிர்வாகத்தாருக்கும் இதைச் சொல்ல வேண்டும்: அன்னதானக் கூடத்தில் ஒவ்வொரு வாரமும் அதே அம்மாக்கள் நிற்கிறார்கள், முறை வைத்து ஆட்களை மாற்றுங்கள்.

எப்படி ஓய்வெடுப்பது? ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து சில நிமிடங்கள் நடங்கள். பரபரப்பாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக மூச்சு விட்டால் இதயத்துடிப்பு தணியும். பகலில் கண்ணயர்வதானால் பிற்பகல் மூன்று மணிக்கு முன்னதாக, இருபது நிமிட அளவில் நிறுத்துங்கள். நீண்டால் எழும்போது மந்தமும், இரவில் தூக்கக் கேடும் வரும். நம் வீட்டுக் கெட்டிப் பால் தேநீரிலுள்ள, தூக்கத்தைக் கலைக்கும் காஃபீனில் ஏறக்குறையப் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். மாலையில் ஏதாவது சூடாகக் குடிக்கத் தோன்றினால், காஃபீன் இல்லாத ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேநீர்ச் செடி நம் நாட்டிலேயே விளைகிறது. கால் சென்டரிலும் மருத்துவமனையிலும் இரவுப் பணி செய்பவர்கள் பகலில் அறையை இருட்டாக்கி, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உறங்க வேண்டும். அவர்கள் உறங்கும் நேரத்தில் பக்கத்து வீட்டாரின் பேச்சும் தணிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமலோ, எதிலும் மனம் ஒட்டாமலோ, வாழ்வதே வீண் என்ற எண்ணம் எழுந்தாலோ, அதை ஓய்வால் மட்டும் சரிசெய்ய முயலாதீர்கள். கிளினிக்குக்குச் சென்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள். மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் உதவும் தொண்டு அமைப்புகளும் இந்நாட்டில் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை கூறுகின்றன.

பக்கத்து அறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியுடன் இரண்டு செவிலியர்கள் காத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு இன்னும் பார்க்காதவர்கள் முதலில் அங்கே செல்லுங்கள். சாப்பிட்ட உடனே அளந்தால் கணக்கு மாறும் என்பதால், இலை போடுவதற்குள் பார்த்துவிட்டு வாருங்கள். நன்றி.